ஃபுட் ஃபால்ட்

ஓய்வூதியக் கோப்புக்கு மூன்று புகைப்படம் கேட்டேன்.
கொண்டுவந்தான் குஞ்சிதபாதம்.
மூன்றிலும் தொப்பி.
தொப்பி கூடாது என்றேன்.
கழற்றினால் யாரென்று தெரியாதே என்றான்.
அதுவும் சரிதான்.
கீழே கறுப்பு, மேலே வெளுப்பு,
நெற்றியின் குறுக்கே
முப்பத்தாறு வருஷத்து வெயில் போட்ட கோடு.

பணிப்பதிவேட்டைப் புரட்டுகிறேன்.
எண்பத்தெட்டு ஜூலை: மார்க்கர், தினக்கூலி
(படித்த கல்லூரியிலேயே, பந்து பொறுக்க).
பிறகு காரைக்குடிக்குப் போய் ஒரு பட்டம்.
திரும்பி வந்து உடற்கல்வி இயக்குநர்.
மருத்துவ விடுப்பு: ஒருமுறை, மஞ்சள் காமாலை.
தண்டனை: இல்லை.
பாராட்டு: இல்லை.

மயிலாடுதுறை மண் நெல்லுக்குப் பிறந்தது.
சித்திரையில் விரல் நுழைய வெடிக்கும்.
ஐப்பசியில் கணுக்காலை வாங்கிக்கொள்ளும்.
அதன்மேல் கந்தர்வகோட்டைச் செம்மண் கொட்டி,
புற்றுமண் சலித்துத் தூவி,
ஒற்றை ஆளாய் ரோலர் இழுத்தான்.
இழுக்க ஒரு ஆள் வேண்டுமென்று எழுதிய மனுக்கள்
என் பீரோவில் பதினொன்று இருக்கின்றன.
பதினொன்றிலும் 'நிதி இல்லை' என்பது
என் கையெழுத்து.

சுவருக்குப் பின்னால் வாய்க்கால்.
மேட்டூர் திறந்தால் பந்துகளுக்கு ஆபத்து.
இருப்புப் பதிவேட்டில்
'நீரில் போனது' என்று தனியே ஒரு கட்டம் போட்டான்.
தணிக்கையாளர் சிவப்பு மையில் கேட்டார்: எந்த நீர்?
காவிரி நீர் என்று பதில் எழுதினான்.
நான் அதைச் 'சேதாரம்' என்று திருத்தினேன்.

கோப்பைகளா?
நீடூர் நூர்ஜமீலா பல்கலைக்கழக அளவில் மூன்றாமிடம்.
அது ஒன்றுதான், அதுவும் வெண்கல நிறப் பிளாஸ்டிக்.
இப்போது ஷார்ஜாவில் இருக்கிறாள்.
வருஷம் ஒரு டப்பா பந்து யாரிடமாவது கொடுத்தனுப்புவாள்.
மூடி திறக்கும்போது வரும் அந்தப் 'புஸ்' சத்தத்துக்காக
பிள்ளைகளை வட்டமாய் நிற்கவைத்துவிட்டுத்தான்
திறப்பான்.

பதிவேட்டில் ஏறாதது எண்பத்து நாலு.
திருச்சியில் இறுதி ஆட்டம், இரட்டையர்.
நானும் அவனும்.
மூன்றாவது செட், ஐந்துக்கு ஆறு,
எதிரிக்கு மேட்ச் பாயிண்ட்,
இவனுக்கு இரண்டாவது சர்வீஸ்.
பந்து விழுந்தது என்னவோ உள்ளேதான்.
பின்னாலிருந்து குரல்: ஃபுட் ஃபால்ட்.
தூக்கிய திருவடி என்று பெயர் வைத்தவனுக்கா என்று
தமிழ் வாத்தியார் ஒருத்தர் சொல்ல
கூட்டமே சிரித்தது.

கடைசி பஸ்ஸில் ஆடுதுறை தாண்டும்போது கேட்டான்:
"என் கால் பட்டுதாடா?"
நெட்டில் நிற்பவன் பின்னால் திரும்பக் கூடாது.
நான் திரும்பவில்லை.
"பாக்கலடா" என்றேன்.
பிறகு அவன் கேட்கவில்லை.
ஆனால் அவனிடம் ஆடவந்த ஒவ்வொருத்தரும்
கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் நின்று சர்வ் போட்டார்கள்.
அந்த ஒரு சாணில் எத்தனை பாயிண்ட் போனதோ,
எந்தப் பிள்ளைக்கும் காரணம் சொன்னதில்லை.

மே முப்பத்தொன்று.
சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்துவிட்டு
"வா, ஒரு செட்" என்றான்.
எனக்கு மூட்டு வலி, அவனுக்குச் சர்க்கரை.
காலையில்தான் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தான், ஈரம் காயவில்லை.
எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

இத்தனை வருஷத்தில்
அவன் சர்வீஸை முன்னாலிருந்து நான் பார்த்ததே இல்லை.
பந்து மேலே போகிறது.
முதுகு வளைகிறது, பழைய வளைவேதான்.
இடது கால், கட்டைவிரல் முன்னே நகர்ந்து,
நகர்ந்து,
வெள்ளையில் ஏறுகிறது.

பந்து உள்ளே விழுந்தது.
திருப்பி அடித்தேன்.